கார் ஏசிக்கு வீட்டிலேயே கேன் வாங்கி கேஸ் ஏற்றலாமா? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் கார் ஏசி வேலை பார்க்கும் எங்களுக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணே, கூலிங் பத்தல, கேஸ் அடிக்கணும்." இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "கேன் ஆன்லைன்ல கிடைக்குதே, நானே ஏத்திக்கிட்டா என்ன?" கேட்பதில் தப்பே இல்லை. சில நிலைமைகளில் ஏற்றலாம், பல நிலைமைகளில் கூடாது. எது எப்போது என்று தெரிந்துகொண்டு கையை வையுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் அடிச்சாகணுமா?

வேண்டியதில்லை. இந்த ஒரு நம்பிக்கைதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம்.

பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் எதிலும் எரிவதில்லை, எங்கும் தீர்வதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே காற்று பட்டுச் சூடு இறங்கி கேஸ் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. மூடிய வளையம். ரப்பர் குழாய்களின் வழியாக வருடக்கணக்கில் மிகச் சிறிதளவு கசியும், அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும் கார் பல வருடம் கேஸ் கேட்காமல் ஓடும்.

ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் உங்கள் காரில் ஓட்டை இருக்கிறது. போன வருடம் அடித்தவர் அதைத் தேடவில்லை.

கூலிங் குறைஞ்சா கேஸ் குறைஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்?

எப்போதும் அப்படி இல்லை. கேனை வாங்குவதற்கு முன் செலவில்லாமல் பார்க்கக்கூடியவை இருக்கின்றன.

முதலில் ஒரு கேள்வி: கார் ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடாகிறதா? திருமங்கலம் நாலுவழிச் சாலையில் ஜம்மென்று இருக்கும் ஏசி, கப்பலூர் டோல்கேட் வரிசையிலோ கோரிப்பாளையம் சிக்னலிலோ நின்றதும் வெறும் காற்றாக மாறுகிறது என்றால், கேஸைச் சந்தேகிக்காதீர்கள். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும். விசிறி ஓடவில்லை, அல்லது மெதுவாக ஓடுகிறது, அல்லது கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே மண் அடைத்திருக்கிறது. தூசி கிளப்பும் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போய்வரும் கார்களில் இதை நிறையப் பார்க்கலாம். வெளியே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விளக்கடித்துப் பார்த்தால் வெள்ளைப் பொடி அப்பிக் கிடக்கும்.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி: வண்டியை நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே குளிர்ச்சி கூடினால் குறை காற்றோட்டத்தில்தான். விசிறியையும் அதன் ரிலேயையும் பாருங்கள், தகடுகளை மெதுவாக விழும் தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும்.

அடுத்தது கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம். காற்று குளிர்ச்சியாக வருகிறது, ஆனால் போதிய வேகம் இல்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெளிக்காற்றை இழுக்கும் பட்டன் தெரியாமல் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். 40 டிகிரி வெயிலில் அது ஒன்றே போதும் ஏசியைத் தோற்கடிக்க.

அப்போ கேஸ்தான் குறைஞ்சிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பானெட்டைத் திறந்தால் ஏசிக் குழாய்கள் இரண்டு தெரியும். தடிமனானது லோ சைடு, கூலிங் காயிலில் இருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பி வருவது. ஒல்லியானது ஹை சைடு. ஏசி நன்றாக ஓடும்போது தடித்த குழாய் கைக்குச் சில்லென்று இருந்து வியர்த்திருக்கும். ஒல்லிக் குழாய் சூடாக இருக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கம்ப்ரஸர் கிளட்ச் 'டக் டக்' என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விடுகிறது என்றால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு.

அதைவிட நம்பகமான தடயம் எண்ணெய்க் கறை. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றிக்கொண்டிருப்பதால், கேஸ் வெளியேறும் இடத்தில் கொஞ்சம் ஆயிலும் கசியும். அதில் தூசி ஒட்டிக் கறுத்த பசையாக நிற்கும். குழாய் இணைப்புகள், கேஸ் ஏற்றும் வாய்களின் உள்ளே இருக்கும் பின், கம்ப்ரஸரின் முன்பக்கம், கல் பட்டு நசுங்கிய கண்டென்சர் மூலை ஆகிய இடங்களைத் தேடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்ப்பது பழைய வழி, இன்றும் நல்ல வழி.

கேஜ் மாட்டிப் பார்த்தா பிரஷர் நல்லாத்தானே காட்டுது?

இன்ஜின் ஓடாதபோது பார்த்த பிரஷரைச் சொல்கிறீர்கள் என்றால், அது கேஸின் அளவைச் சொல்லாது, வெயிலைத்தான் சொல்லும்.

வீட்டுச் சமையல் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முழுசாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், கடைசித் திரவம் தீரும்வரை. கார் ஏசியிலும் அதே கதை. உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை பிரஷரைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரியில் கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ காட்டும், 35 டிகிரியில் 114 காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் சரி, 150 கிராம்தான் இருந்தாலும் சரி. ஆகவே ஓடாத வண்டியில் பிரஷர் பார்த்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் தெரிவது ஒன்றுதான்: அடியோடு காலியாகவில்லை.

ஓடும்போது இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் விவரம் கிடைக்கும். நம்மூர்க் கோடையில் லோ சைடு 40, 50 பிஎஸ்ஐ அளவிலும் ஹை சைடு 200-இல் இருந்து 280 வரையும் நிற்பது வழக்கம். ஆனால் அதையும் வெயில், விசிறி, இன்ஜின் வேகம் எல்லாம் மாற்றும். அளவைச் சரியாகச் சொல்லும் கருவி எடைத் தராசுதான்.

எந்த கேஸ் வாங்கணும்?

பானெட்டுக்கு உள்பக்கமோ, ரேடியேட்டருக்கு மேலே உள்ள தகட்டிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அதில் இருக்கும். அதில் உள்ளதைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. சில வெளிநாட்டு மாடல்களில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கும். அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, விலையும் அதிகம், வாயின் அமைப்பும் வேறு. அதை வீட்டில் தொட வேண்டாம். மிகப் பழைய வண்டிகளில் ஆர்-12 இருந்தது. ஓசோனைக் கெடுப்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த வண்டிகளுக்கு ஆயில், ஓ-ரிங் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் மாற்றித்தான் புது கேஸ் போட முடியும்.

வீட்டு ஏசிக்குப் போடும் ஆர்-22 மிச்சம் இருக்கிறது என்று காருக்கு ஏற்றுபவர்கள் உண்டு. அதன் பிரஷர் கூடுதல், கார் குழாயும் ஆயிலும் அதற்கானவை அல்ல. சமையல் கேஸைக் கலக்கும் வேலை இன்னும் மோசம். கூலிங் காயில் இருப்பது காருக்கு உள்ளே. அதில் கசிந்தால் கேஸ் உங்கள் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சேரும்.

அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத கேனையும் ஒதுக்குங்கள். மீதைல் குளோரைடு கலந்த போலி கேஸ் உலகச் சந்தையில் புழங்கியிருக்கிறது. அது அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். 2011-இல் கப்பல் குளிர்பெட்டகங்கள் அப்படி வெடித்து ஆட்கள் இறந்தார்கள். உங்கள் கார் கண்டென்சரும் அலுமினியம்தான்.

ஒரு கேன் முழுசா ஏத்திரலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

நம் கடைகளில் கிடைக்கும் கேன்கள் பலவற்றில் 450 கிராம் என்று அச்சிட்டிருக்கும். சின்னக் கார்கள் பலவற்றுக்கு மொத்த ஏசிக்குமே 300-இல் இருந்து 500 கிராம்தான் தேவை. அதாவது ஒரு கேன் என்பது பல கார்களுக்கு முழுக் கொள்ளளவு. ஏற்கெனவே 250 கிராம் உள்ளே இருக்கும் வண்டியில் முழுக் கேனையும் இறக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அளவுக்கு மேல் போனால் கண்டென்சருக்குள் திரவம் தேங்கி, கேஸ் குளிர இடம் இல்லாமல் போகும். ஹை சைடு பிரஷர் எகிறும். குளிர்ச்சி கூடாது, குறையும். கம்ப்ரஸர் இரைச்சல் போடும், இன்ஜின் இழுவை குறையும், பிரஷர் ஸ்விட்ச் ஏசியைத் துண்டிக்கும். திரவம் ஆவியாகாமல் கம்ப்ரஸருக்கே திரும்பி வந்தால் அதன் உள்பாகங்கள் உடையும். கூலிங் வரவில்லையே என்று இன்னொரு கேனையும் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். கம்ப்ரஸர் விலையைக் கேட்டால் மனது கனத்துப்போகும்.

யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுறாங்களே?

அவர்கள் பயன்படுத்துவது தானே மூடிக்கொள்ளும் வால்வு உள்ள கேன். பாதி ஏற்றி நிறுத்தி மீதியை எடுத்து வைக்கலாம். நமக்குக் கிடைப்பவற்றில் பல ஊசியால் துளையிடும் கேன்கள். துளைத்த பிறகு டேப்பை (கேனில் திருகும், ஊசியோடு வரும் சின்னத் திருகு வால்வை) கழற்றினால் மீதி முழுக்கக் காற்றில் போய்விடும். அதனால்தான் "வீணாப் போகுதே, எல்லாத்தையும் ஏத்திருவோம்" என்று மனது சொல்லும்.

சரி, எப்போது நானே ஏற்றலாம்?

வண்டியில் கேஸ் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அடியோடு காலியாகவில்லை, கசிவு கண்டுபிடித்துச் சரிசெய்தாகிவிட்டது, கேஸ் ஆர்-134ஏ, ஸ்டிக்கர் எடை தெரியும். இந்த ஐந்தும் பொருந்தினால் ஏற்றலாம். ஒன்று விடுபட்டாலும் பட்டறைதான் வழி.

சிஸ்டம் காலியாகியிருந்தால் வேக்கம் போடாமல் (பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்காமல்) ஏற்றவே கூடாது. காலியான குழாய்க்குள் வெளிக்காற்றும் அதிலுள்ள ஈரமும் புகுந்திருக்கும். காற்று கண்டென்சரில் திரவமாகாது, வெறுமனே பிரஷரைக் கூட்டும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் ஐஸாகி அடைக்கும்; கொஞ்ச நேரம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிரும் வண்டிகளில் இது ஒரு காரணம். கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கவும் செய்யும். வேக்கம் பம்ப் உள்ளே இருக்கும் அழுத்தத்தை 25-இல் ஒரு பங்குக்கும் கீழே இறக்கும்போது, 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். அரை மணி நேரமாவது ஓடவிட்டு, நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேஸ். கேனால் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

ஏற்றும் முறையைச் சொல்லுங்கள்.

காலையிலோ சாயங்காலமோ, நிழலில், காற்றோட்டமான வெளியிடத்தில். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி மூச்சை அடைக்கும். பீடி, சிகரெட், பூஜை விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு உண்டாகும். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போடுங்கள்.

கேன், டேப், குழாய் மூன்றையும் மாட்டியபடி சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். டேப்பைக் கேனில் திருகும் முன் அதன் ஊசி முழுக்க மேலே ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் திருகும்போதே துளை விழுந்து கையில் பீய்ச்சும்.

லோ சைடு வாய் தடித்த குழாயில் இருக்கும். மூடியில் பெரும்பாலும் 'எல்' எழுத்து இருக்கும். ஹை சைடு வாயின் அளவு வேறு என்பதால் சரியான கப்ளர் (குழாய் முனையில் இருக்கும் மாட்டும் பூட்டு) அதில் ஏறாது. சந்தையில் கிடைக்கும் அடாப்டர் வைத்து வம்படியாக மாட்டிவிடாதீர்கள். 35 டிகிரியில் கேனுக்குள் 114 பிஎஸ்ஐ, ஓடும் ஹை சைடில் 250. மாட்டித் திறந்தால் கேஸ் காருக்குள் போகாது, காரில் இருந்து கேனுக்குள் பாயும். மெல்லிய தகரம், வெடிக்கும்.

கேனைத் துளைத்து, டேப்பைத் திறந்து, கப்ளருக்குப் பக்கத்து இணைப்பை ஒரு நொடி மட்டும் தளர்த்தி 'புஸ்' என்றதும் இறுக்குங்கள். குழாய்க்குள் இருந்த காற்று வெளியேறிவிடும். டேப்பை மூடிவிட்டுக் கப்ளரை லோ சைடில் மாட்டுங்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிருக்கு வைத்து, புளோயரைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்து 1500 ஆர்பிஎம் அளவில் பிடித்துக்கொள்ளட்டும். கேன் நிமிர்ந்தே இருக்க வேண்டும். கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரஸருக்குப் போகும். டேப்பைக் கொஞ்சமாகத் திறந்து, 30, 40 கிராம் போனதும் மூடுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். தடித்த குழாயைத் தொட்டுப் பாருங்கள், ஏசி வாயில் ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள். வெளியே 38 டிகிரி இருக்கும்போது ஏசி வாயில் 10, 12 டிகிரி வந்தால் அது நல்ல குளிர்ச்சி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபிரிட்ஜ் மாதிரி வரட்டும் என்று தொடராதீர்கள்.

ஏற்றும்போது கேன் சில்லிட்டு வெளியே பனி பூக்கும், ஓட்டம் குறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும். கொதிநீர், ஹேர் டிரையர், லைட்டர் எதையும் கேனுக்குக் காட்டக்கூடாது.

100 கிராம் ஏற்றியும் மாற்றமே இல்லை?

நிறுத்துங்கள். குறை வேறு எங்கோ இருக்கிறது.

லீக்கை அடைக்கும் மருந்து கலந்த கேன் வருதே, அதை வாங்கலாமா?

நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்த மருந்து ஈரமோ காற்றோ பட்டால் கெட்டியாகும் தன்மை உள்ளது. ஓட்டையில் மட்டும்தான் கெட்டியாக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எக்ஸ்பான்ஷன் வால்விலும் கெட்டியாகலாம், கேஸை உறிஞ்சி எடுக்கும் பட்டறை மெஷினிலும் அடைக்கலாம். ஒரு ஓ-ரிங்கின் விலை சில ரூபாய். அதை மாற்றுவதை விட்டுவிட்டு முழு சிஸ்டத்தையும் பணயம் வைக்க வேண்டாம். உள்ளே அந்த மருந்து இருக்கும் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆயில் கலந்த கேனும் அப்படியே. ஆயில் எவ்வளவு வெளியேறியது என்று தெரியாமல் சேர்த்தால், கூடுதல் ஆயில் கூலிங் காயிலுக்குள் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும்.

எலெக்ட்ரிக் கார், ஹைபிரிட் காருக்கு?

வேண்டவே வேண்டாம். அவற்றின் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, மின்சாரம் கடத்தாத தனி வகை ஆயில் போட்டது. சாதாரணக் கார் ஆயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு கெடும். பேட்டரியைக் குளிர்விப்பதும் பல கார்களில் இதே சிஸ்டம்தான்.

கேனை டிக்கியில போட்டு வச்சுக்கலாமா?

கூடாது. கேன்களில் 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதீர்கள் என்று எச்சரிக்கை இருக்கும். மாட்டுத்தாவணியில் மே மாத மத்தியானம் ஜன்னல் ஏற்றி நிறுத்திய கார் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். கடையில் வாங்கினால் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படிக்குத் தூரமான நிழலில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மிச்ச கேஸைக் காத்துல விட்டா என்ன?

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1300 மடங்குக்குக் குறையாத வீரியம் கொண்டது. ஒரு 450 கிராம் கேனைத் திறந்துவிடுவது 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்ட கிகாலி உடன்பாடு இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்குத்தான். மிச்சம் இருந்தால் டேப்பைக் கழற்றாமல் அப்படியே ஏசி பட்டறையில் கொடுங்கள்.

கேஸ் கையிலோ கண்ணிலோ பட்டுவிட்டால்?

இந்தத் திரவம் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. தோலில் பட்டால் வெந்நீர் பட்டதுபோல் கொப்பளிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டுங்கள், தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் 15 நிமிடம் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவி, தாமதிக்காமல் கண் மருத்துவமனைக்குப் போங்கள். மதுரையில் இருப்பவர்களுக்கு அண்ணாநகரில் அரவிந்த் இருக்கிறது. வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

பட்டறையில் விட்டால் என்னென்ன கேட்க வேண்டும்?

உள்ளே இருந்த பழைய கேஸை உறிஞ்சி எடுத்தபோது எத்தனை கிராம் வந்தது என்று கேளுங்கள். ஸ்டிக்கரில் 400, வந்தது 180 என்றால் எவ்வளவு கசிந்தது என்று உங்களுக்கே தெரியும். கசிவு எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நைட்ரஜன் அடித்துப் பார்த்தார்களா, சாயம் போட்டுப் புற ஊதா விளக்கில் பார்த்தார்களா என்று கேளுங்கள். வேக்கம் எவ்வளவு நேரம் ஓடியது, நிறுத்தியபின் முள் நின்றதா என்பது அடுத்தது. இணைப்பைக் கழற்றியிருந்தால் ஓ-ரிங் புதிதாக மாற்றினார்களா, சிஸ்டம் பல நாள் திறந்து கிடந்திருந்தால் டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்) மாற்றினார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, ஏற்றிய எடையைப் பில்லில் கிராம் கணக்கில் எழுதி வாங்குங்கள். "ஒரு ஃபுல் அடிச்சாச்சு" என்று சொல்பவரிடம், தராசு எங்கே என்று மரியாதையாகக் கேட்கலாம். அடுத்த கோடையில் கூலிங் குறைந்தால், கசிவு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கணக்குப் பார்க்க அந்தப் பில்தான் உதவும்.